கோடி கோடி கோடி!

வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். வளையலை டஜன் கணக்கில் வாங்குகிறோம். "ஒரு டஜன்" என்று கடைக்காரர் சொன்னதுமே பன்னிரண்டு என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது, இல்லையா? ரசாயனக்காரர்களுக்கும் இப்படி ஒரு டஜன் உண்டு. 'மோல்' என்று அதற்குப் பெயர். பன்னிரண்டைவிடக் கொஞ்சம் பெரிய எண், அவ்வளவுதான். எவ்வளவு பெரிது என்கிறீர்களா? ஏறக்குறைய 602 கோடி கோடி கோடி! அச்சுப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று கோடியும் வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர், அதாவது 18 கிராம் குடித்தால், இத்தனை மூலக்கூறுகள் உள்ளே போகின்றன.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் பெண்ணை இந்த எண் அழவே வைத்துவிட்டது. "ஸயன்ஸே வேண்டாம் அத்தை, வேறு குரூப்புக்கு மாறிவிடுகிறேன்" என்றாள். ஐந்து வயதிலிருந்து டாக்டராவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்! அண்ணாவோ, "போனால் போகட்டும்" என்று விண்ணப்பம் எழுத வெள்ளைத்தாளே எடுத்துவிட்டார். (பெண் குழந்தைகள் விஷயத்தில் இந்தப் 'போனால் போகட்டும்' எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்!)

நானும் கல்லூரியில் ரசாயனம் படித்தவள்தான். இருபது வருஷமாக அது ரசப்பொடியோடு நின்றிருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 2 மோல் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள்? 6.022 × 10²³-ஐ இரண்டால் பெருக்கி, 1.2044 × 10²⁴ என்று அழகாகப் போட்டிருந்தாள். அதே தண்ணீரில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள்? அதற்கும் அதே விடை! அங்கேதான் இடறல்.

"ஏண்டி, ஒரு டஜன் ஜோடி வளையல் வாங்கினால் கையில் எத்தனை வளையல்?"

"இருபத்து நாலு."

"தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் ஜோடியாக அல்லவா இருக்கிறது?"

பென்ஸிலை எடுத்தாள். இன்னொரு தரம் இரண்டால் பெருக்கினாள். 2.4088 × 10²⁴. "இவ்வளவுதானா, அத்தை?" எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் 'எது எத்தனை' என்று கேட்க வேண்டும், பெருக்கலெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவகாட்ரோ எண் என்கிறார்களே, அந்த இத்தாலிக்காரருக்கே இந்த எண் தெரியாது! ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சமம் என்று 1811-இல் சொன்னார், 1856-இல் காலமானார். அவர் பெயரை எண்ணுக்குச் சூட்டியவர் பிரான்ஸின் பெர்ரின், 1909-இல். 6.02214076 × 10²³ என்று அதை அறுதியிட்டது 2019-இல்தான். இதைக் கேட்டுப் பெண் சிரித்தாள்.

அண்ணா எடுத்து வைத்த வெள்ளைத்தாள் வீணாகவில்லை. அரை மோல் கந்தக அமிலத்தில் எத்தனை ஆக்ஸிஜன் அணுக்கள் என்று அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மூலக்கூறுக்கு நாலு ஆக்ஸிஜன். நீங்களும் போட்டுப் பாருங்களேன்!