தாவாத தவளையும் நமுத்த தாளும்

காகிதத் தவளை செய்யத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அது ஏன் தாவுகிறது என்று யோசித்திருக்கிறோமா?

ரகசியம் பின்பக்கத்து விசிறி மடிப்பில் இருக்கிறது. முதுகை அழுத்தும்போது நம் விரல் செய்யும் வேலை மடிப்பில் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. விரல் வழுக்கியதும் மடிப்பு விரிந்து தரையை உதைக்கிறது. தரை தவளையைத் திருப்பித் தள்ளுகிறது. இதுதான் நியூட்டனின் மூன்றாம் விதி! நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகி, தவளை தாவுகிறது. தள்ளு விழுவது வால்பக்கம் என்பதால் சில தவளைகள் குட்டிக்கரணமும் போடும்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது ஃபெஞ்சல் புயலில்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி அது புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலூரில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. காற்றுச் சத்தத்தில் தம்பி பயந்து அழுதான். "அழாதடா, தவளை செஞ்சு தரேன்" என்று நோட்டுத் தாளில் செய்தேன். அழுத்தினேன். தாவவே இல்லை! அழுத்தினபடியே படுத்துக் கிடந்தது. அவன் இன்னும் பெரிதாக அழுதான்.

"அப்பளம் மாதிரி தாளும் நமுத்துப் போச்சுடி" என்றார் ஆயா. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, சிதம்பரத்து அத்தையின் பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். பெயர் அச்சடித்த பாதியை உள்ளேயே வைத்துவிட்டு, வெறும் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். கெட்டித் தாள், பெட்டிக்குள் காய்ந்தே இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தத் தவளை தண்ணிச் செம்பையே தாண்டியது! "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று தம்பி தூங்கும்வரை தாவியது.

காரணத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் அத்தை மகள் சொன்னாங்க. காகிதம் என்பது செல்லுலோஸ் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பாய் மாதிரி. ஈரம் உள்ளே போனால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த தாள் வளையும், ஆனால் பழையபடி நிமிராது. விரல் கொடுத்த ஆற்றல் அதில் தங்காது.

காகித மடிப்பு சின்னப் பிள்ளை விளையாட்டு மட்டும் இல்லை. அதை வைத்தே வடிவியல் கற்பிக்க சுந்தர ராவ் எழுதிய ஆங்கில நூல் 1893-லேயே சென்னையில் வெளிவந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். செய்தித்தாள், நோட்டுத் தாள், பத்திரிகை அட்டை மூன்றிலும் ஒரே அளவில் தவளை செய்து, தாவும் தூரத்தை ஸ்கேலால் அளங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை. அளவுகளை இந்தத் தாளுக்குக் கீழேயே ஒட்டுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி