கல்வெட்டுக்குக் கொடுத்தேன், ஆளுக்குக் கொடுக்கவில்லை

எனக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டி. திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்தேன். எந்த மனுவுக்குப் பணம், எதற்கு இல்லை என்று குறிப்பெழுதுவது என் பொறுப்பு. கம்பெனிகள் தரும் பணம் அது.

தோல் ஷாப்புகளை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து மகளிர் குழு ஒன்று மனு கொடுத்தது. காசநோய்க்காரர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க, பிள்ளைகளின் எடையைக் குறித்துவர, இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் கேட்டார்கள். பள்ளிக்கூட நோட்டுத் தாளில், பஸ் காசு வரை கணக்கு எழுதியிருந்தார்கள்.

அந்தச் சம்பள வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில் ‘நிர்வாகச் செலவு’ என்று எழுதினேன். கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின் கீழ் வரும் விதிகளின்படி சமூகப் பணிக்குச் செலவிடும் தொகையில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது கம்பெனியின் அலுவலகச் செலவுக்கான வரம்பு. தெருவில் இறங்கி வேலை செய்பவரின் கூலி அதில் சேராது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். சம்பளத்துக்குப் பதிலாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கொடுத்தோம். கல்வெட்டு வைத்தோம், ரிப்பன் வெட்டினோம், அந்தப் போட்டோ ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமானது.

பயம்தான் காரணம். மெஷினை டிரஸ்டிகளிடம் காட்டிவிடலாம். ஒருவருக்கு நோய் முற்றாமல் நின்றதை எதை வைத்துக் காட்டுவேன்?

காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் குறையும், பசியெடுக்கும், ‘சரியாப் போச்சு’ என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆள் தேவைப்படுவது அப்போதுதான். அந்தத் தெருவில் பாதியில் நிறுத்திய ஒரு தோல் தொழிலாளிக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது திரும்பி வந்தது. பிறகு அவர் மனைவியும் இருமத் தொடங்கினார். மனு கொடுத்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “மெஷினா சார் வீட்டுக்குப் போயி மாத்திரை குடுக்கும்?”

பக்கத்திலேயே காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனம் இருக்கிறது. டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஆத்தூர் வட்டாரத்தில் அங்கிருந்து நடந்த சுகாதாரப் பணி, ஊர் ஊராகப் போய்ப் பேசிய ஊழியர்களை நம்பித்தான் நடந்தது. இந்த மாவட்டத்துக்காரனான நான் அதைப் படித்திருந்தும் ஆளுக்குக் காசில்லை என்றேன்.

அந்த இரண்டு பெண்களும் கொஞ்ச காலம் சும்மாவே வீடு வீடாகப் போனார்கள். பிறகு ஒருவர் நூல் மில் வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

‘சட்டத்தில் இடமில்லை’ என்று அன்று சொல்லியனுப்பினேன். அது பொய். அந்தக் குழுவிடம் நேரில் போய் இதைச் சொல்லிவிட்டேன். அதே நாற்காலியில் இன்று உட்கார்ந்து மனு பார்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.