முடிவில்லாத சுற்றுகள்



"இந்த ரவுண்ட் முடியட்டும், வாறன்." இந்த வார்த்தையைக் கேட்காத வீடு இன்று எங்கள் பகுதியில் உண்டா? சோறு ஆறிப் போகிறது. பள்ளிவாசலில் இகாமத் சொல்லியாயிற்று. ரியூசனுக்கு நேரமாகிவிட்டது. அறைக்குள்ளிருந்து வரும் பதில் மட்டும் மாறுவதில்லை: "இந்த ரவுண்ட் முடியட்டும்."

பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் என்பதால் தாய்மார் என்னிடம் வந்து முறையிடுகிறார்கள். "மௌலவி, புள்ளைக்கு ஒருக்கா ஓதிப் பாருங்க" என்கிறார் ஒருவர். "போனை வாங்கி வாவிக்குள்ள எறியட்டா?" என்கிறார் இன்னொருவர். ஓதுவதற்கும் எறிவதற்கும் முன்னால், பிள்ளையின் கையில் இருப்பது என்ன, அது எப்படி இயங்குகிறது என்று பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டாமா?

இதை அறிவதற்காகவே என் தங்கையின் மகனை அழைத்து, "எனக்குக் காட்டித் தாங்க, மருமகன்" என்றேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பத்தொன்பது வயது இளைஞர் அவர். தன் பழைய கம்பியூட்டருக்கு முன்னால் எனக்கும் ஒரு கதிரை போட்டார்.

அவர் காட்டியது 2008 நவம்பரில் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வார்' என்ற விளையாட்டு. அமெரிக்காவின் ட்ரேயார்க் நிறுவனம் தயாரித்தது. இரண்டாம் உலகப் போர்தான் அதன் கதை. அந்தக் கதையை ஆடி முடித்தவர்களுக்கு, ஒரு பரிசுபோல, கடைசியில் ஒரு சிறு பகுதி திறக்கும். ஜேர்மன் மொழியில் அதற்கு இட்டிருக்கும் பெயரை 'இறவாதவர்களின் இரவு' என்று சொல்லலாம்.

இருள் சூழ்ந்த பாழடைந்த கட்டடம் ஒன்று. உள்ளே நான்கு பேர் வரை நிற்கலாம். ஆளுக்கு ஒரு கைத்துப்பாக்கியும் 500 புள்ளிகளும் கிடைக்கும். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. செத்தும் சாகாமல் நடமாடும் ஸொம்பி என்ற பிணங்கள் வெளியிலிருந்து அந்தப் பலகைகளைப் பிய்த்துக்கொண்டு வருகின்றன. சுட்டால் புள்ளி. பிய்ந்த பலகையைத் திரும்ப அடித்தால் அதற்கும் 10 புள்ளி. சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துச் சுவரில் இருக்கும் பெரிய துப்பாக்கிகளை வாங்கலாம். வந்தவை எல்லாம் விழுந்துவிட்டால் ஒரு சுற்று முடியும். சில நொடிகள் அமைதி. உடனே அடுத்த சுற்று. எத்தனையாவது சுற்று என்பது திரையின் மூலையில் இரத்தச் சிவப்பில் கோடு கோடாகத் தெரியும்.

அதே மாதம் வெளிவந்த 'கியர்ஸ் ஆஃப் வார் 2' என்ற விளையாட்டிலும் இதே போன்ற ஒரு பகுதி உண்டு. போரால் நாசமான ஒரு கற்பனைக் கிரகம், ஐந்து பேர், அலை அலையாக 50 தாக்குதல்கள். பின்னர் இந்த அமைப்பு போனுக்குள்ளும் வந்தது. 2019 பெப்ரவரியில் 'பப்ஜி மொபைல்' விளையாட்டில் விடியும்வரை ஸொம்பிகளிடமிருந்து தப்பிப் பிழைக்கும் பகுதியொன்று சேர்க்கப்பட்டது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பதற்கென்று பிள்ளைகளின் கைக்குப் போன் வந்தபோது, இவையெல்லாம் ஆயத்தமாகக் காத்திருந்தன.

வாசகர்களே! இனி இதன் கணக்கைப் பாருங்கள். மருமகன் விளக்கியபோது நான் அசந்து போனேன். முதலாம் சுற்றில் ஒரு ஸொம்பியின் உயிர்ப்பலம் 150. ஒவ்வொரு சுற்றுக்கும் 100 கூடி ஒன்பதாம் சுற்றில் அது 950 ஆகிறது. அதன் பிறகு, முந்திய சுற்றில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். வட்டிக்கு வட்டி போடுகிற அதே கணக்கு! கடன்பட்டவன் எவ்வளவு உழைத்தாலும் முதல் அடைபடாதது போல, ஆடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு நாளும் வெல்ல முடியாது. வெற்றி என்ற ஒன்றையே அந்தப் பகுதியில் வைக்கவில்லை. எல்லோரும் விழுந்த பிறகு திரையில் ஒரு வரி வரும்: இத்தனை சுற்றுகள் உயிர் பிழைத்தாய் என்று. அவ்வளவுதான்.

கிரிக்கெட்டுக்குக் கடைசி ஓவர் உண்டு. கெரம் பலகையில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. இதற்குக் கடைசி ஓவரே இல்லை. ஆரம்பச் சுற்றுகள் இலேசாகவும் விரைவாகவும் போய்விடும். பின்னால் போகப் போகச் சுற்று நீளும். ஒரு மணி நேரம் போராடி எட்டிய இடத்தை விட்டு எழும்ப யாருக்கு மனம் வரும்? நால்வராக ஆடும்போது ஒருவர் தன் இஷ்டத்துக்கு இடையில் நிறுத்தி வைக்கவும் முடியாது. எழுந்து போனால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே "இந்த ரவுண்ட் முடியட்டும்" என்று பிள்ளை சொல்வது சாட்டு அல்ல. ஆனால் அந்த ரவுண்டுக்குப் பின்னால் இன்னொன்று உண்டு என்பதை அது சொல்வதில்லை.

அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் வேறெங்கோ போயிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒன்பது நாளில் ஏறாவூரிலும் அயற்கிராமங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த மாதம், செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். வாவியின் இருமருங்கிலும் அழாத வீடு இல்லாத வருடம் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார். ஐந்து குடும்பங்கள் ஒரே வீட்டில் படுத்தோம். விளக்குக் கொளுத்துவதில்லை. கைக்குழந்தை சிணுங்கினால் தாய் அதன் வாயைப் பொத்துவாள். இத்தனையாவது இரவு என்று யாரும் எண்ணவில்லை. இன்னும் சில நொடிகள் அமைதி உண்டு என்று யாரும் அறிவிக்கவும் இல்லை. சுபஹுடைய பாங்கு கேட்டால்தான் மூச்சு வரும்.

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவர் விளையாட்டை நிறுத்திவிட்டு, "மாமா, அந்தப் பலகையெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டார்.

"உங்கட மூத்தவாப்பா அதில கோழிக்கூடு செஞ்சார்" என்றேன்.

சிரித்தார். பிறகு வெகு நேரம் பேசவில்லை. பத்தொன்பது வருடமாக எங்கள் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதை அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று அவரோடு ஆடியவர்களில் ஒருவர் மருதமுனைப் பையன். ஒருவர் கத்தாரில் வேலை செய்பவர். மற்றவர் ஆரையம்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பையன். அந்தப் பையன் விழுந்துவிட்டான். விழுந்தவனைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இன்னொருவர் போய் எழுப்பாவிட்டால் அந்தச் சுற்றில் அவன் கதை முடிந்தது. "மச்சான், என்ன எழுப்பு! ஜன்னலடியில கிடக்கன்!" என்று அவன் கத்தியது எனக்கும் கேட்டது. மருமகன் தன் இடத்தை விட்டு ஓடினார். எழுப்பினார். அதற்காகத் தானும் விழுந்தார்.

ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் எங்களுடையவை. என் பத்து வயதில் அந்த எல்லையைத் தாண்ட எங்களுக்கும் பயம், அவர்களுக்கும் பயம். இந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இன்னும் போனதில்லை. ஆனால் இரவில் ஒருவர் உயிரை மற்றவர் காக்கிறார்கள், அது வெறும் ஆட்டத்து உயிராக இருந்தாலும். இதைக் கண்ட பிறகு போனை வாவிக்குள் எறியச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பையனைப் பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிடும்படிதான் சொன்னேன்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு முதலிடம் கொடுத்தல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல். படிப்பு, உறவு, உறக்கம் என வாழ்க்கையே பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதமாவது இந்த நிலை நீடித்தால்தான் நோய் என்பார்கள். சோற்றுக்குப் பிந்தி வருகிற பிள்ளையெல்லாம் நோயாளி அல்ல. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். நான் சொன்ன விளையாட்டுக்கு ஐரோப்பாவின் வயதுக் கணிப்பே 18தான். பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, இரவில் அலறி எழும்புகிறானே என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது, வளர்ந்த பிள்ளையாக இருந்தால் தொடங்கும் முன்பே எல்லையைப் பேசிக்கொள்ளுங்கள். "பத்தாம் சுற்றோடு எழும்பணும்" என்று நீங்களும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கூட ஆடுகிறவர்களுக்கும் அதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ஆட்டத்தைச் செய்தவன் அதற்கு முடிவு வைக்கவில்லை. ஆகவே முடிவை வீடுதான் வைக்க வேண்டும். நடுச் சுற்றில் போய்க் கத்துவதால் சண்டைதான் வரும்.

மூன்றாவது, உங்கள் கதையைச் சொல்லுங்கள். 1990இல் எப்படித் தப்பினீர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது யாருடைய கையைப் பிடித்து ஓடினீர்கள், எந்த வீடு கதவு திறந்தது, யார் சோறு தந்தார்கள் என்று சொல்லுங்கள். பழி வளர்ப்பதற்காகச் சொல்லாதீர்கள். உயிர் என்பது என்ன விலை என்று தெரிவதற்காகச் சொல்லுங்கள். உயிர் தப்புதல் என்றால் திரையில் தெரியும் ஓர் எண் என்றே எங்கள் பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். அது என்னவென்று அறிந்தவர்கள் அதே வீட்டின் அடுத்த அறையில் வாய் மூடி இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது போகிறது.

இன்றிரவு பிள்ளை சாப்பிட வந்து உட்கார்ந்ததும், தாமதத்துக்கு ஏசுவதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அந்தக் கதைகளில் ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள்.