வாங்குகிறவர் இடிக்கப்போவதைக் கட்டாதீர்கள்

"ஒரு பத்து லட்சம் போட்டு எடுத்துக் கட்டிட்டா, முப்பது லட்சம் சேர்த்துப் போகுமுங்களா?"

பழைய வீட்டை விற்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சேலத்திலும் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்திலும் வீடு கட்டுவதும் பழைய வீட்டைச் செப்பனிடுவதும் என் தொழில். வேலை கிடைத்தால் எனக்கு வருமானம். ஆனாலும் விற்பனைக்கு முன் செய்யும் வேலை என்றால், அவர்கள் எழுதிக்கொண்டு வரும் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுவேன். வீடு பார்க்க வருகிறவர் மனதில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று பயம்: கூரை ஒழுகுமா, கரையான் இருக்கிறதா, ஒயர் பற்றிக்கொள்ளுமா, பத்திரத்தில் வில்லங்கம் வருமா? மற்றொன்று ஆசை: தரை எப்படி, சமையலறை எப்படி, சுவருக்கு என்ன நிறம்? பயத்தைப் போக்கச் செய்யும் செலவு விலையில் திரும்பி வரும். அடுத்தவர் ஆசையை நாம் ஊகித்துச் செய்யும் செலவு பெரும்பாலும் வராது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வாங்க வருகிறவர் வீட்டை வாங்குகிறாரா, வீடு நிற்கும் மனையை வாங்குகிறாரா?

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் மனைகள் அகலம் குறைந்து நீளமாக உள்ளே போகும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். நெசவாளர் வீடு என்றால் முன்னறையில் தறிக்குழி, அதை மூடிச் சிமெண்ட் போட்ட தடம். அங்கே வாங்குகிறவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், இல்லையென்றால் மண்டி வைத்திருப்பவர், வெள்ளிப் பட்டறை நடத்துகிறவர். அவருக்குக் கீழே கடையோ கிடங்கோ வேண்டும், மேலே வீடு வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறும் வசதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டுவது இப்படி எளிதாகிவிட்ட பிறகு, ஒடுங்கிய மனையில் பழைய வீட்டை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அந்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பதுகூட வீண். குப்பையை அள்ளி, மனையின் நான்கு மூலையும் கண்ணுக்குத் தெரியும்படி செய்தால் போதும்.

குழப்பம் வருவது அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சூரமங்கலம் பக்கத்து வீடுகளில். 1970களிலும் 80களிலும் ரயில்வே, உருக்காலை, அரசு அலுவலகம் என்று வேலை பார்த்தவர்கள் கட்டியவை. கான்கிரீட் கூரை, மொசைக் தரை, முன்னால் கிரில் வைத்த வராந்தா, பின்னால் தென்னை. இவற்றை இடிக்கவும் தோன்றாது, அப்படியே குடிபோகவும் தோன்றாது. எவ்வளவு செலவு செய்வது என்ற கேள்விக்கே இங்கேதான் பொருள் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் போனதும் நான் பார்ப்பது சன்ஷேடின் அடிப்பக்கத்தை. கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் மூடாமல் விட்டிருந்தால், நாற்பது வருட மழையில் ஈரம் உள்ளே போய்த் துரு ஏறியிருக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது விம்மும்போது கான்கிரீட் பிளந்து செதில் செதிலாக விழும். பலர் இதன்மேல் சிமெண்டைப் பூசிப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அந்தப் பூச்சு முழுப் பலகையாகக் கீழே வரும். முறையாகச் செய்வதென்றால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். இரண்டு மூன்று சன்ஷேடு என்றால் தயங்காமல் செய்யலாம். ஹால் கூரை முழுக்கக் கம்பி தெரிகிறது என்றால் கையை வைக்காதீர்கள். அந்த வீடு மனை விலைக்குத்தான் போகும். அதை மறைக்கச் செய்யும் செலவு பணத்தையும் தின்னும், பேரையும் கெடுக்கும்.

அதைவிடப் பழைய மச்சு வீடுகளுக்கு வேறு வைத்தியம். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிறோமே, அதில் தேக்கு உத்திரத்தின்மேல் சட்டங்களைப் பரப்பி, செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்திருப்பார்கள். கடைசியாகத் தட்டோடு. அங்கே நான் உத்திரத்தின் நடுவைப் பார்ப்பதில்லை, சுவருக்குள் நுழையும் முனையைப் பார்ப்பேன். மாடியில் தண்ணீர் வெளியேறும் வழியில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள முனைதான் முதலில் இற்றிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. இற்றுப்போனதில் ஊறிய ரொட்டியில் இறங்குகிற மாதிரி போகும். ஒரு முனை மட்டும் கெட்டிருந்தால் இரும்புத் தாங்கி கொடுத்துக் காப்பாற்றலாம். செடியை வேரோடு எடுத்து, ஓட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால் ஒழுகல் நிற்கும். மேலே சிமெண்ட் தளம் போட்டு மூடுகிறவர்கள் பாரத்தை ஏற்றுகிறார்கள், உள்ளே நிற்கும் ஈரத்தையும் வெளியேற விடாமல் பூட்டுகிறார்கள். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுவதிலும் இதே கதைதான். ஒரு வருடம் பளபளப்பாக இருக்கும், பிறகு உப்புப் பூத்துப் பெயர்ந்து விழும்.

கூரைக்கு அடுத்தது தண்ணீரும் கரண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். பழைய ஜிஐ பைப்புக்குள் துருவும் உப்பும் படிந்து, வெளியே ஒரு அங்குலமாகத் தெரியும் குழாய் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். பார்க்க வருகிற பெண்கள் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்துதான் பார்ப்பார்கள். நூல் மாதிரித் தண்ணீர் வந்தால் பேச்சு அங்கேயே தளர்ந்துவிடும். சுவரை உடைக்காமல் வெளிப்பக்கமாகப் புது பிவிசி லைன் இழுத்துவிடலாம். மரப்பட்டை ஒயரிங்கும் பீங்கான் ஃபியூஸும் இருந்தால் மெயின் போர்டை மட்டும் மாற்றி எம்சிபி, ஆர்சிசிபி வைத்து, எர்த்துக்குப் புதுக் குழி எடுத்துக் கொடுங்கள். அறைகளுக்குள் பாயிண்ட் எங்கே வேண்டும் என்பது குடிவருகிறவர் பாடு. ஏசி எந்தச் சுவரில், டிவி எந்தச் சுவரில் என்று நாம் முடிவு செய்தால், அவர் வந்ததும் சுவரை மறுபடி வெட்டுவார்.

செலவு கைமீறிப் போவது தரையில்தான். "மொசைக் பழசா தெரியுதுங்க, டைல்ஸ் ஒட்டிடலாம்" என்று ஆரம்பிப்பார்கள். பழைய தரையின்மேல் டைல்ஸ் ஒட்டினால் கலவையோடு சேர்ந்து மட்டம் உயரும். உயர்ந்ததும் கதவு திறக்காது, எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும். ஹால் உயர்ந்தால் வராந்தா பள்ளமாகும், அதையும் உயர்த்த வேண்டும். வாசல் நிலைப்படி குட்டையாகும், படிகளின் எண்ணிக்கையும் அளவும் மாறும். குளியலறை வாசலில் இருந்த வாட்டத்தைக் கவனிக்காமல் ஒட்டினால் சோப்புத் தண்ணீர் ஹாலுக்கு வரும். ஒரு வேலைக்குப் பேசிய பணம் ஐந்து வேலைக்குப் பிரிந்து, கடைசியில் எதுவும் முழுதாக முடிந்திருக்காது. மொசைக்கை மிஷின் வைத்துக் கல் மாற்றி மாற்றித் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு மெருகேற்றினால், அந்தச் செலவில் சிறு பங்கில் தரை கண்ணாடியாகும். சிவப்பு ஆக்சைடு தரைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலே போதும். இன்றைக்கு அதை விரும்பிக் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சமையலறையில் இன்னும் கவனம் வேண்டும். மாடுலர் கிச்சன் வைத்தால் வீடு சீக்கிரம் போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் வீடு வாங்குகிறவர் வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வராமல் முன்பணம் கொடுப்பதில்லை. அடுப்பு அக்னி மூலையில் இல்லை, படிக்கட்டு ஈசானியத்தில் இருக்கிறது என்று அவர் இரண்டு மாற்றம் சொல்வார். அவற்றை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம், ஆனால் வாங்குகிறவர் நம்புகிறார். புதிதாக மாட்டிய அலமாரிகளை அவர் கழற்றி எறியும்போது அதற்கு நாம் கொடுத்த காசை விலையில் தரமாட்டார். "மாத்தத்தானே போறேன்" என்று குறைத்துத்தான் கேட்பார். வெறும் கடப்பைக்கல் மேடையாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பலர் கவனிக்காத ஒரு கணக்கு அரசாங்கத்தின் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குகிறவர் கட்டுகிறார். டைல்ஸும் கிச்சனும் போட்டு விலையைப் பத்து லட்சம் ஏற்றிப் பத்திரத்தில் காட்டினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் அவருக்குத் தொண்ணூறாயிரம் கூடுதல் செலவு. அதே வேலையை வாங்கிய பிறகு தானே செய்துகொண்டால் அந்தப் பணம் மிச்சம். வங்கிக் கடன் வாங்குகிறவருக்கு இன்னொரு தடையும் உண்டு. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மனைக்கு ஒரு விலை போடுவார், கட்டடத்துக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று எழுதுவார். புதுப் பெயிண்ட் அந்தத் தாளில் எங்கேயும் ஏறாது. சரிசெய்த கூரை ஏறும். அனுமதி வாங்காமல் மாடியில் கட்டிய அறை, வரைபடத்தில் இல்லை என்று பாதகமாகவே ஏறும்.

விற்கிறவருக்கும் வரிக் கணக்கு உண்டு. 2024 ஜூலை 23 முதல் விற்கும் சொத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். கூரையை மாற்றுவது, அறை சேர்ப்பது போன்ற மேம்பாட்டுச் செலவை ஆதாயத்திலிருந்து கழிக்க இடமுண்டு, பில் வேண்டும். பெயிண்ட் மாதிரிப் பராமரிப்புச் செலவு அதில் சேராது. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதும் மேஸ்திரியிடம் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள் என்று, என் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் முன்னால் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில், மின் இணைப்பு அப்பா பெயரில், சொத்து வரி அண்ணன் பெயரில் என்று இருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்திய வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1956 முதல் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் கைக்காசைப் போட்டு வீட்டைப் புதுப்பித்துவிட்டு, கையெழுத்துக்குத் தங்கையைக் கூப்பிட்ட இடத்தில் விற்பனை நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். "என்னைக் கேட்டா செலவு பண்ணுனீங்க? எனக்கு என் பங்கு முழுசா வேணும்" என்றார் அந்தம்மா. சட்டப்படி அவர் கேட்டதில் தவறில்லை. செலவுக் கணக்கு பங்காளிச் சண்டையாகி, பளபளத்த வீடு பூட்டியே கிடந்தது. விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ முடியும் வரை ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்க வேண்டாம்.

ராசிபுரம், மோகனூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளின் நிலை வேறு. அகலமான திண்ணை, ஆசாரம், நடுவில் வானம் பார்த்த தொட்டிக்கட்டு, சுற்றிலும் ஓடு. பூமியோடு சேர்த்து விற்கும்போது வாங்குகிறவர் கிணற்றையும் போரையும் வண்டித்தடத்தையும்தான் பார்ப்பார். கோழிப்பண்ணை போட வருகிறவருக்கு அந்த வீடு ஒரு சுமை. அங்கே உடைந்த ஓட்டை மாற்றி மழை உள்ளே விழாமல் நிறுத்தினால் போதும், மரம் பிழைக்கும். நிலைக்கதவு, தூண், உத்திரம் எல்லாவற்றையும் பழைய மரச் சாமான் வியாபாரியிடம் தனியாக விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் "அந்த ஓட்டு வீடு எனக்கெதுக்குங்க" என்று தள்ளும்போது, "அப்ப மரத்தை நாங்க எடுத்துக்கறோம்" என்று சொல்ல உங்களிடம் ஒரு தொகை இருக்கும். வெளியில் பெயிண்ட் அடித்துத் தூணின் மரத்தை மறைத்துவிட்டால் அந்தத் தொகையும் குறையும்.

கணக்கெல்லாம் புரிந்த பிறகும் சிலர் முழு வீட்டையும் புதுப்பிக்கவே நினைக்கிறார்கள். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள், அம்மா கடைசிவரை ஒழுகுகிற வீட்டில் இருந்தாரே என்ற உறுத்தலில் பணம் அனுப்புவார்கள். அம்மா கேட்டபோது செய்யாத புகைபோக்கியையும் வெஸ்டர்ன் டாய்லெட்டையும் விற்கும் முன் மாட்டச் சொல்வார்கள். அதை நான் தடுப்பதில்லை, கேலியும் செய்வதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைப்பேன்: அந்தச் செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள், விலையில் ஏற்றாதீர்கள். அது உங்கள் மனசுக்குச் செய்த செலவு. முன்பின் தெரியாத ஒருவர் அதற்குப் பணம் தருவார் என்று எதிர்பார்த்து விலையை இறக்காமல் உட்கார்ந்திருந்தால், வந்த ஆட்கள் திரும்பிப் போவார்கள். ஆடி போய் ஆவணி வரும், தை பிறக்கும், பூட்டிய வீட்டில் கரையான் ஏறும். கூரை, குழாய், மெயின் போர்டு, பத்திரம் இந்த நான்கையும் முடித்து, வீட்டைக் கழுவிவிட்டு, சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடித்து விலை சொல்லுங்கள். மீதியை வாங்குகிறவர் செய்துகொள்வார். அந்த வேலைக்கும் அவர் என்னைத்தான் கூப்பிடுவார் என்பது வேறு விஷயம்.