சூசையப்பர் காத்த மானம்

காரைக்கால் தேற்றரவு அன்னை கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் சொல்லி, தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடிப்பார்கள். தருமபுரத்திலிருந்து பூசைக்குப் போகும் எங்களுக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். அப்படி ஊரறியத் தொடங்கும் உறவு, ஒரு வருஷத்துக்குள் சந்தி சிரிக்கும் நிலைக்கு வந்துவிடுவதையும் பார்க்கிறேன். குடி, கடன், அடிதடி என்று பெரிய காரணம் எதுவும் இல்லாத வீடுகளில்கூட இது நடக்கிறது. கட்டியவளின் குறையைக் கணவனும், கணவனின் குறையை அவளும் வெளியே கொண்டுபோனதுதான் அங்கே பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் பிரான்சில் சொந்தம் இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளும் நிறைய. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போன் வந்துவிடும். கல்யாணமாகி நாலு மாதமான ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அவர் திட்டினாக்கூடப் பரவாயில்ல மாமா. குழம்புல புளி தூக்கலாப் போனது பாரிஸ்ல இருக்கிற நாத்தனாருக்கு எப்படித் தெரிஞ்சுது?" அவள் கண் கலங்கியது புளிக்காக இல்லை. தன் அடுப்படியில் நடப்பதற்குக் கதவு இல்லாமல் போயிற்றே என்றுதான்.

எனக்கு அப்போது சூசையப்பர் நினைவுதான் வந்தது. நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. ஆனால் மத்தேயு முதல் அதிகாரத்தில் அவர் மனம் படும் பாடு தெரிகிறது. அவருக்கு மண ஒப்பந்தமான மரியாள், கூடி வாழும் முன்பே கருவுற்றிருக்கிறாள். மோசே சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அது கல்லெறி வரைக்கும் போகும். அவரோ அவளை ஊர்முன் அவமானப்படுத்த மனமில்லாமல், யாருக்கும் தெரியாமல் விலகிவிட நினைத்தார். வானதூதர் கனவில் வந்து உண்மையைச் சொன்னது அதற்குப் பிறகுதான். அதாவது, அவள் தவறு செய்துவிட்டாள் என்று எண்ண இடமிருந்த நேரத்திலேயே அவள் மானத்தை அவர் காத்தார். மத்தேயு அவரை நீதிமான் என்கிறது இந்த இடத்தில்தான்.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தபோது, காப்பியத் தலைவராக இந்தத் தச்சரைத்தான் வைத்தார். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு. வாள் எடுக்காத ஒரு குடும்பத் தலைவருக்குத் தமிழில் இத்தனை பெரிய காப்பியம் இருப்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வாய்மூடி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எங்கள் ஊரில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும். காரைக்கால் அம்மையார் என்று நாம் அறிந்த புனிதவதியாரின் நினைவாக நடப்பது அது. அவருடைய கணவர் பரமதத்தர், மாங்கனி அற்புதத்தைக் கண்டதும் ஒருவரிடமும் சொல்லாமல் கப்பலேறிப் போனார். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தார். மனைவியைத் தெய்வமாகக் கண்டு விலகியவர் அவர். அவர் பக்தியை நான் மதிக்கிறேன். சூசையப்பரும் விலகத்தான் நினைத்தார். ஆனால் கனவிலிருந்து எழுந்ததும் மரியாளைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பெத்லகேமுக்கும் எகிப்துக்கும் கூடவே நடந்தார். கிறிஸ்தவ மணவாழ்வுக்கு எனக்குத் தெரிந்த இலக்கணம் அந்தக் கூட நடத்தல்தான். குறையை மூடிவிட்டு, மனசுக்குள் ஒதுங்கி வேறு அறையில் வாழ்பவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டவர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மானம் காப்பது என்ற பேரில் அடியையும் உதையையும் மறைக்கச் சொல்லாதீர்கள். 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில், கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கணவனின் கொடுமை மட்டும் போதுமான காரணமாக இல்லை. அதோடு அவன் பிறன்மனை சேர்ந்ததையும் அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-இல்தான் அது திருத்தப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் எத்தனை பெண்கள் 'குடும்ப மானம்' என்ற சொல்லுக்குக் கீழே நசுங்கினார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அடிபடும் மகள் உடனே வாய்திறக்க வேண்டும். பெற்றவர்களும், சாமியாரும், தேவைப்பட்டால் காவல் நிலையமும் கேட்க வேண்டும். புளிக்குழம்பு வேறு, கன்னத்தில் விழும் அறை வேறு.

பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். ராத்திரி மகன் போனில் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால், கதை கேட்கும் ஆசையில் காதைக் கொடுக்காதீர்கள். "அதை அவகிட்டயே பேசுப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.