எட்டுச் சாவியும் ஒரு பைக்கும்

தலவாக்கலைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையத்துக்கு முன்னால பைக்கை நிறுத்தி, ஓஃப் பண்ணக் கையைக் கொண்டுபோனேன். சாவி இல்லை. எஞ்சின் ஓடுது, லைட் எரியுது, சாவி போடுற ஓட்டை மட்டும் காலியா இருக்கு. கொட்டுற மழையில பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் புத்தகப் பையைத் தலையில வச்சுக்கிட்டு, நான் வந்து கதவைத் திறப்பேன்னு நிக்கிறாங்க. அந்தக் கதவுச் சாவியும் தொலைஞ்சுபோன கொத்துலதான் இருந்தது.

2023 ஜூன் மாதம் அது. அப்போது ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடை மூடியதும் வாரத்தில் மூன்று நாள், கொட்டகலை, பத்தனை, டெவன், சென் கிளையர் என்று மெயின் ரோட்டில் வந்து, தலவாக்கலையைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் ஏறி, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பேன்.

அந்தக் கொத்தில் இருந்தவை எட்டுச் சாவிகள். பைக் சாவி ஒன்று. பைக் சில்லில் போடும் சங்கிலிப் பூட்டுக்கு ஒன்று. கடை ஷட்டருக்கு இரண்டு. சனசமூக நிலையத்துக்கு ஒன்று, அங்கே பழைய வினாத்தாள்கள் வைத்திருந்த அலுமாரிக்கு ஒன்று. எங்கள் வீட்டுச் சாவி. எட்டாவது, எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவான அத்தை வீட்டுச் சாவி. இவற்றோடு கூட்டாளி ஒருத்தன் தந்த, போத்தல் மூடி திறக்கும் இரும்பு ஒன்று. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்தபோது லேமினேட் செய்து மாட்டிய அட்டை ஒன்று. வாரத்துக்கு நாலு லீற்றர் என்று ஆரம்பித்த காலம் அது. அட்டையை வீட்டில் மறந்துவிட்டால் பெற்றோல் செட்டில் கெஞ்ச வேண்டும் என்பதால் நான் அதையும் சாவியோடு கோத்துவிட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பைக் ஓடும்போது கொத்து முழுக்கத் தொங்கி ஆடும். ஹேன்டிலுக்குக் கீழே பெயின்ட் சுரண்டி வெள்ளையாகிப் போயிருந்தது. அம்மா மட்டும், “கோயில் பூசாரி மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு வாற”ன்னு சொல்லுவா. எனக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எட்டுச் சாவி இருக்கிறவன் பெரிய ஆள்தானே.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளச்சை விட்டேன். குலுங்கி நின்றது. ஆனால் சுவிட்ச் ‘ஓன்’லேயே இருக்கிறது. யார் வந்து உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஹேன்டில் லொக்கும் போட முடியாது, சங்கிலிப் பூட்டும் போட முடியாது. ஒரு பையன், “சேர், நாங்க முறை போட்டு பைக்கைப் பாத்துக்கிறோம்”ன்னு சொன்னான். பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் போய், இரண்டு போன் வெளிச்சத்தில் முக்கோணவியல் படித்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை எழும்பிப் போய் பைக் பக்கத்தில் நிற்கும். அந்தப் பத்து நிமிடப் பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகும். என் சாவிக்கொத்துக்கு முதலில் விலை கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான்.

அடுத்த நாள் கராஜ் பாஸ்தான் விளக்கம் சொன்னார். சாவி போடும் உருளைக்குள் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ற உயரத்துக்கு அவை வந்து நின்றால்தான் உருளை திரும்பும். ‘ஓன்’ நிலையில் சாவியைப் பிடித்து வைப்பதும் அவைதான். சாவியில் பாரமாகக் கொத்து தொங்கினால், தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் அது சாவியைக் கீழே இழுத்து ஆட்டும். சாவியும் தகடுகளும் ஒன்றையொன்று தேய்க்கும். ஒரு நாள் பிடிப்பே இல்லாமல் போய், எஞ்சின் ஓடும்போதே சாவி கழன்று விழும். ஹெல்மட்டும் மழையும் இருந்தால் விழுகிற சத்தம் கேட்காது. பாஸ் என் பைக்கைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, பைக்குல தொங்கவிட வேண்டியது ஒரே ஒரு சாவிதான். மத்தது எல்லாம் ஒங்க ஆசைக்கு.”

உருளை புதிதாக மாற்றினோம். கடை முதலாளி தன்னிடமிருந்த மற்றச் சாவிகளால் ஷட்டரைத் திறந்தார். பிறகு இரண்டு பூட்டையும் மாற்றி, காசை என் சம்பளத்தில் கழித்தார். அது நியாயம்தான். சனசமூக நிலையத்துக்கும் அலுமாரிக்கும் மாற்றுச் சாவி தோட்டத் தலைவரிடம் இருந்தது. வீட்டுச் சாவி அம்மாவிடம் இன்னொன்று. ஆறு சாவிக்கும் எப்படியோ வழி கிடைத்தது. சங்கிலிப் பூட்டு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிஞ்சியது அத்தை வீட்டுச் சாவி. அது தாத்தா காலத்துப் பூட்டு. மிச்சமிருந்தது அந்த ஒரே சாவி.

மாமா இறந்த பிறகு அத்தை கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார். போகும்போது, “வெள்ளிக்கெழம வெளக்கு மட்டும் ஏத்திருங்க அண்ணி”ன்னு அம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். அது வெறும் சாமி விஷயம் இல்லை. அந்தக் காம்பராவில் ஆள் புழக்கம் இருக்கிறது என்று காட்டுகிற விளக்கு அது.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயத்துக் காம்பரா அதில் இருப்பவருக்குச் சொந்தமில்லை. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்களை வைத்திருக்க, பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வரிசையாகக் கட்டியவை இவை. வேலை செய்கிற வரைக்கும் வீடு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும் காம்பராவுக்குள் இருப்பவர் கையில் உறுதி வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த என் கூட்டாளி ஒருத்தனின் வீட்டில், மேடையில் சாவி வாங்குகிற படம் சுவரில் தொங்குகிறது. காணி உறுதி எங்கே என்று கேட்டால், “படம்தான் மச்சான் இருக்கு”ன்னு சிரிப்பான்.

அதனால் பூட்டிக் கிடக்கிற காம்பரா என்றால் எல்லோருக்கும் ஒரு கண். எங்கள் லயத்திலேயே அத்தை வீட்டுக்கு அடுத்த காம்பராவில் ஏழு பேர். மகனுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு அப்பா இஸ்தோப்பில் படுக்கிறார். அவர்கள் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா சொன்னா: “பகல்ல ஒடைச்சா கேள்வி வரும். ராவைக்குப் பாப்போம்.” நானும் அப்பாவும் மழை கனத்துப் பெய்யட்டும் என்று காத்திருந்து, சாக்கை வைத்து மூடி சுத்தியலால் அடித்தோம். லயத்துச் சுவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது அடியில் பக்கத்துக் காம்பரா லைட் எரிந்தது. ஐந்தாவது அடியில் லயமே வாசலில் நின்றது.

காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் கேட்டாராம்: “அந்தக் கடைசிக் காம்பராவைத் தொறந்துட்டீங்களாமே, யாரு இருக்கப்போறது?” அம்மா, “நாத்தனா வருது”ன்னு சொல்லிவிட்டு வந்துட்டா. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: “அந்தச் சாவிக்கு ரோட்டுல என்னா வேலை?”

என்னிடம் பதில் இல்லை. வாரத்தில் ஒரு தடவை, வீட்டிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் திறக்கிற பூட்டு. அதன் சாவி ஒரு வருஷமாக ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் என்னோடு ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்றால் வளையத்தில் இடம் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கொத்து கிடைத்தது பத்து நாள் கழித்து. சென் கிளையர் பக்கம் கான் துப்புரவு பண்ணியவர்கள் எடுத்து, தலவாக்கலை ஓட்டோ ஸ்டேன்டில் கொடுத்திருக்கிறார்கள். கியூஆர் அட்டையில் இருந்த பைக் நம்பரைப் பார்த்து, நான் அந்தப் பக்கம் போகும்போது ஒரு டிரைவர் கை காட்டி நிறுத்தினார். “மல்லி, மே யதுரு ஓயாகெத?” தம்பி, இந்தச் சாவி உன்னுடையதா? அவர் நல்ல மனுஷன், காசு நீட்டியும் வாங்கவில்லை. ஆனால் திரும்பும்போது யோசித்தேன். என் பைக் நம்பரோடு, என் வீட்டையும் கடையையும் திறக்கிற சாவிகளைப் பத்து நாள் ரோட்டில் போட்டிருக்கிறேன். வேறு யாராவது எடுத்திருந்தால்?

இந்தக் கதையை யாழ்ப்பாணத்துக் கூட்டாளி ஒருத்தனிடம் சொன்னபோது, “திறப்பு கிடைச்சுதோ?” என்று கேட்டான். அங்கே சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வார்கள். கிடைத்தது, ஆனால் அவற்றில் பாதி இனி எதையும் திறக்காது என்றேன்.

இப்போது நான் எப்படிச் சாவி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன், பைக் ஓடுகிறவர்களுக்கு உதவும். பைக்கில் பைக் சாவி மட்டும். அதில் சிவப்புத் துணி நாடா ஒன்று, கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரிய. இரும்பு எதுவும் கிடையாது. கடைச் சாவியும் வகுப்புச் சாவியும் தனித்தனிச் சின்ன சிப் பைகளில், முதுகுப் பையின் உள்ளறையில் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறேன். களிசான் பொக்கெட்டில் வைப்பதில்லை. டெவன் வளைவில் சறுக்கி விழுந்த கூட்டாளி ஒருத்தனுக்கு ரோட்டால் வந்த காயத்தைவிட, பொக்கெட்டில் இருந்த சாவி தொடையில் குத்திய காயம்தான் ஆழம். ரெயின்கோட்டுக்கு உள்ளேயும் வைக்காதீர்கள். கதவைத் திறக்க அந்த மழையிலேயே கோட்டைக் கழற்ற வேண்டி வரும், நான் கழற்றியிருக்கிறேன். மாற்றுச் சாவி ஒவ்வொன்றும் வேறொரு நம்பிக்கையான கையில் இருக்கிறது. கொத்தில் பெயர், விலாசம், பைக் நம்பர் எதுவும் இல்லை. நம்ம ஊர் மிஸ்டுக்குப் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்து இன்னும் இறுகும். பென்சில் கூரைச் சுரண்டி அந்தத் தூளைப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், வளையத்தில் கோர்க்கும் முன்னால் அம்மா கேட்ட கேள்வியை நான் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சாவிக்கு ரோட்டில் என்ன வேலை? எட்டில் நான்குதான் தேறியது.

அந்த வருஷத் தீபாவளிக்கு அத்தை வந்தார். உடைந்த பூட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். “பூட்டு போனா போகுதுடா, காம்பரா இருக்குதானே” என்றார். புதுப் பூட்டு வாங்கி வந்திருந்தார், மூன்று சாவியோடு. ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பக்கத்துக் காம்பராவில் சாதாரண தரத்துக்குப் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். ஏழு பேர் நடுவில் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? அம்மாதான் மெதுவாகப் பேச்செடுத்தா. அத்தைக்குப் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது. உள்ளே ஒருத்தர் வந்துவிட்டால் நாளைக்கு யாருடைய காம்பரா என்று கேள்வி வரலாம்.

கடைசியில் அத்தை சாவியை அம்மாவிடமே கொடுத்தார். “படிக்க மட்டும்னு சொல்லுங்க அண்ணி. வெள்ளிக்கெழம வெளக்கையும் அவளையே ஏத்தச் சொல்லுங்க.”

இப்போது நான் இரவு வேலை முடிந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு லயத்துக்குள் வரும்போது, கடைசிக் காம்பராவில் பெரும்பாலும் லைட் எரிகிறது. சாவி கதவிலேயே தொங்கும். அம்மா அவளைச் சத்தம் போடுவா, சாவியைக் கதவுல விடாத, உள்ள எடுத்து வைன்னு. அவள் சரி என்பாள். அடுத்த நாளும் அது கதவிலேயேதான் இருக்கும்.