நான்காம் வரிசையின் இளைஞன்



ஹாக்கி என்றவுடன் உங்களில் பலருக்குப் பச்சைத் தரையும் வெள்ளைப் பந்தும் நினைவுக்கு வரும். இவ்வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவதோ, வட அமெரிக்காவில் பனித்தரையின்மேல் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. அதை ஒருமுறையும் பாராதவர்கள் தயங்க வேண்டாம். இரண்டொரு காரியங்களை அறிந்தால் போதும்.

ஓர் ஆட்டம் என்பது இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஒரே நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் கோல்காப்பாளரையும் சேர்த்து ஆறு பேர். ஆனால் சீருடை அணிந்து ஆயத்தமாயிருப்பவர்கள் இருபது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் முன்கள வீரர்கள். மும்மூன்று பேராக நான்கு வரிசைகள். பனியின்மேல் முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஓடினாலே எவருக்கும் மூச்சு இரைக்கும். ஆகையால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வரிசை வெளியேற, அடுத்தது தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே குதிக்கும். முதல் வரிசையார் கோல் அடிக்கிறவர்கள். பதினெட்டு, இருபது நிமிடங்கள் ஆடுவார்கள். நான்காம் வரிசையாருக்குப் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடங்களே கிடைக்கும். மீதி நேரம் பெஞ்சில்தான்.

அந்தச் சில நிமிடங்களில் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன? எதிரணியின் மூலைக்குள் தள்ளப்பட்ட பக்கைத் துரத்திச் சென்று, அதை எடுக்கும் தற்காப்பு வீரனுக்கு நிம்மதியாகத் திரும்ப இடம் கொடாமல் நெருக்க வேண்டும். கெட்டிப்படுத்திய ரப்பரால் செய்த அந்தப் பக் சீறி வருகையில், தங்கள் காலையும் விலாவையும் குறுக்கே வைக்க வேண்டும். தங்கள் அணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் இரண்டு நிமிடங்களை, ஓர் ஆள் குறைவாக நின்று கடத்த வேண்டும். கோல் விழாத வரைக்கும் அவர்கள் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள், விழுந்தால் சொல்லுவார்கள்.

இவான் பார்பஷேவ் என்பவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1995ல் மாஸ்கோவில் பிறந்தவர். 2012ல், பதினாறு வயதில், கனடாவின் கிழக்கிலுள்ள மாங்டன் என்னும் ஊருக்கு இளையோர் ஹாக்கி ஆட வந்தார். அங்கே அவர் நான்காம் வரிசைக்காரர் அல்லர். தம் கடைசிப் பருவத்தில் 57 ஆட்டங்களில் கோலும் கோலுக்கு உதவியுமாக 95 புள்ளிகள் எடுத்தவர். அதற்கு முன்பே, 2014ல், செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி இரண்டாம் சுற்றில், 33ஆம் ஆளாக அவரைத் தெரிந்துகொண்டது.

தன் ஊரில் முதல்வனாயிருந்த பிள்ளை பெரிய இடத்துக்குச் சென்று கடைசியில் நிறுத்தப்படும்போது அவன் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதை, பட்டணத்தில் முதல் வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் பெற்றோராகிய உங்களில் சிலருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹாக்கி அறிந்தவர்களிடையே இதுபற்றி ஓயாத வாக்குவாதம் உண்டு. தாலந்துள்ள இளைஞனைப் பெரிய லீக்கில் எட்டு நிமிடம் ஆடவைப்பது நலமா, கீழ் லீக்கில் இருபது நிமிடம் ஆடவிடுவது நலமா? எட்டு நிமிடத்தில் கைத்திறன் மழுங்கும் என்பார் ஒரு சாரார். கீழே தவறு செய்தாலும் தண்டனையில்லை, ஆகவே கற்பதும் இல்லை என்பார் மறு சாரார். இரண்டும் ஓரளவு மெய்யே. ஆனால் எத்தனை நிமிடம் என்பதைக் காட்டிலும், யார் அருகில் அந்த நிமிடங்கள் கழிகின்றன என்பதே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்பஷேவ் ஏறக்குறைய இரண்டு பருவங்கள் கீழ் லீக்கில் சிகாகோ அணிக்கு ஆடிய பின், 2017 ஜனவரியில் மேலே வந்தார். அடுத்த பருவத்தின் 82 ஆட்டங்களில் 53ல் மட்டுமே ஆடினார். 2018–19 பருவத்தில்தான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது: நான்காம் வரிசையில், இருவரோடு.

அந்த இருவரையும் கவனியுங்கள். ஒருவர் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் சுண்ட்க்விஸ்ட். 2017ல் பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு பரிமாற்றத்தில் வந்தவர், உயரமானவர், இவரைப்போலவே தம் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர். மற்றவர் அலெக்சாண்டர் ஸ்டீன். 2008 முதல் அந்த அணிக்கே ஆடியவர்; 2013–14ல் 33 கோல்கள் அடித்தவர்; உதவித் தலைவர். வயது முப்பத்தைந்தை நெருங்கியபோது, பெரிய சம்பளம் பெறும் அந்த மூத்த வீரர் கடைசி வரிசைக்கு இறக்கப்பட்டார். முறுமுறுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அந்த வரிசையில் இளைஞர் இருவருக்கு நடுவே சென்று அமர்ந்து, அவர்களோடு மூலைகளுக்குள் ஓடினார். என் மதிப்பில், அந்த ஆண்டில் பார்பஷேவுக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் அந்த பெஞ்சுதான்.

2019 ஜனவரி முதல் வாரத்தில் புளூஸ் அணி லீக் முழுவதிலும் கடைசி இடத்தில் கிடந்தது. நவம்பரிலேயே பயிற்சியாளர் மாற்றப்பட்டு கிரெய்க் பெருபே பொறுப்பேற்றிருந்தார். ஜனவரியில் ஜார்டன் பின்னிங்டன் என்னும் புதிய கோல்காப்பாளர் வந்தார். செய்தித்தாள்கள் அவரைக் கொண்டாடின. அது தகுதியான கொண்டாட்டமே. ஆனால் பெருபே செய்த மற்றொரு காரியமும் உண்டு. நான்காம் வரிசையை ஒளித்துவைக்காமல், முதல் வரிசையார் நிற்கும் இடத்தில், ஆட்டத்தைத் தொடங்கவே அவர்களைப் பலமுறை அனுப்பினார். முதல் நிமிடத்திலேயே எதிரணியை அதன் சொந்த மூலையில் உழைக்கச் செய்து, களைப்பை அவர்கள் கால்களில் ஏற்றிவைப்பதே நோக்கம். பார்பஷேவ் அந்தப் பருவத்தில் 80 ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். சுண்ட்க்விஸ்ட்டும் 14. கடைசி வரிசைக்கு அது மிகுதி.

இனி சொல்லப்போவது அவ்வளவு அழகானதன்று. ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை. பாஸ்டன் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் சுண்ட்க்விஸ்ட், மாட் கிரெல்சிக் என்னும் தற்காப்பு வீரரைப் பின்புறமிருந்து தடுப்புச் சுவரில் மோதினார். அடிபட்டவர் தலைக்காயத்தோடு வெளியேறினார். சுண்ட்க்விஸ்ட்டுக்கு ஓர் ஆட்டம் தடை. ஐந்தாம் ஆட்டத்தில் பார்பஷேவ் மார்க்கஸ் ஜோஹான்சனின் தலையில் மோதினார். அவருக்கும் ஓர் ஆட்டம் தடை. சுண்ட்க்விஸ்ட் இல்லாத மூன்றாம் ஆட்டத்தில் புளூஸ் 7–2 என்று தோற்றது. பார்பஷேவ் இல்லாத ஆறாம் ஆட்டத்தில், கோப்பையைச் சொந்த ஊரிலேயே தூக்கியிருக்க வேண்டிய இரவில், 5–1 என்று தோற்றது. இவர்கள் இல்லாமையே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லத் துணியேன்; ஹாக்கியில் ஒரு காரணம் போதாது. ஆயினும் எட்டு நிமிடத்துக்குரிய ஆளின் இடம் வெறுமையானபோது, அந்த வெறுமை எல்லாருக்கும் தெரிந்தது.

தங்கள் முழு மதிப்பும் மோதுவதில் இருக்கிறது என்று எண்ணுகிற இளைஞருக்கு, எங்கே நிறுத்துவது என்பதை அறிவது கடினம். கொடுத்திருப்பது சில நிமிடங்களே. அவற்றில் தங்களை நிரூபிக்க வேண்டும். வைராக்கியம் அங்கேதான் மற்றவன் தலையைக் காணாமற்போகிறது. இதை அந்த இருவருக்கான சாக்காக நான் எழுதவில்லை. கிரெல்சிக் நான்கு ஆட்டங்கள் வெளியே இருந்தார். ஏழாம் ஆட்டத்துக்குத் திரும்பினார். அந்த இரவில் பாஸ்டன் அடித்த ஒரே கோல் அவருடையது என்பதை வாசித்தபோது, புளூஸ் பக்கம் சாய்ந்திருந்த என் மனமும் மகிழ்ந்தது.

2019 ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த அந்த ஏழாம் ஆட்டத்தில் பார்பஷேவ் திரும்ப வந்து ஆடினார். புளூஸ் 4–1 என்று வென்று, 1967ல் தொடங்கிய தன் வரலாற்றில் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையைப் பெற்றது.

பின்பு நடந்தது விரைவில் சொல்லத்தக்கது. 2021–22 பருவத்தில், மேல் வரிசைகளில் இடம் கிடைத்தபோது, பார்பஷேவ் 26 கோல்களோடு 60 புள்ளிகள் எடுத்தார். மாங்டனில் இருந்த கைத்திறன் மழுங்கிப்போகவில்லை. 2023 பிப்ரவரியில் புளூஸ் அவரை வேகாஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தது. அங்கே ஜாக் ஐக்கல், ஜொனாத்தன் மார்ஷசோ என்னும் இரு நட்சத்திரங்களோடு முதல் வரிசையில் நிறுத்தப்பட்டு, கோப்பைச் சுற்றில் 22 ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்து, இரண்டாம் முறையும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். மிகச் சிறந்த வீரருக்குரிய பரிசு மார்ஷசோவுக்குப் போனது.

அந்தத் தொடரின் ஒளிப்பதிவுகள் கிடைத்தால், பக்கை விட்டுவிட்டு பார்பஷேவை மட்டும் சில நிமிடங்கள் பாருங்கள். ஐக்கலும் மார்ஷசோவும் கோலுக்கு முன்னே இடம் தேடிக்கொண்டிருக்க, அவர் செயின்ட் லூயிஸில் ஸ்டீனோடு ஓடிய அதே ஓட்டமாக மூலைக்குள் செல்கிறார். பக்கை எடுக்கத் திரும்பும் தற்காப்பு வீரனுக்கு அரை நொடிகூடக் கொடுப்பதில்லை.